தப்புக்குப் பழகிய நாய்

எங்கள் நாய் ஊளையிடுவதால் ஆட்கள் சாகிறார்கள் என்று எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தவர்கள் படிக்காதவர்கள் இல்லை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்காரர்களின் குவார்ட்டர்ஸ் அது. இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்து அளக்கத் தெரிந்தவர்கள். பதினோரு வீட்டுக்காரர்கள் அந்தக் கடிதத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

குவார்ட்டர்ஸ் சுற்றுச்சுவரை ஒட்டிப் போகிற சாலைதான் சுடுகாட்டுக்கு வழி. ஆள் செத்து, சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்து, பாடை கட்டி, மேளத்தோடு கிளம்பி அந்தச் சாலைக்கு வரும்போதுதான் எங்கள் நாய் ஊளையிடும். அதாவது செத்து அரை நாளாவது ஆன பிறகு. நாய் கண்ணுக்கு எமன் தெரிகிறானாம், அது கூப்பிட்டுத்தான் அவன் வருகிறானாம். எமன் நேற்றே வந்து வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்று நான் சொன்னதைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. அந்த வருஷம் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே வயதான இரண்டு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பழியைப் போட ஒரு இடம் வேண்டியிருந்தது, எங்கள் வீட்டு வாசலில் நாலு காலோடு ஒன்று படுத்திருந்தது.

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் மாடி வீட்டுக்காரர். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். ஒரு மாதம் பார்ப்பார்களாம், அதற்கு மேல் ஒரு தரம் ஊளைச் சத்தம் கேட்டாலும் நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிவிடுவார்களாம். அந்த வண்டியில் ஏறின நாய் திரும்பி வந்ததில்லை என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும்.

அப்பா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பூந்தமல்லி மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம். எதையாவது தின்னு பொழச்சுக்கும்" என்றார்.

"நான் விட மாட்டேன்" என்றேன்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் வேலை, என்னை மாதிரிப் பெண்கள்தான் அங்கே. அப்பாவிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அதுவாகத்தான் இருக்கும். பிறகு நிறையச் சொன்னேன், முதல் தரம்தான் கஷ்டம்.

நாயைக் கொண்டுவந்ததே நான்தான். கம்பெனி வாசலில் லாரிக்கு அடியில் கிடந்த குட்டியை ஒயர் கூடையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து எலக்ட்ரிக் ட்ரெயினில் ஆவடிக்குக் கொண்டுவந்தேன். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடங்கியிருக்கும். நாலு மாதக் குட்டியாக இருந்தபோது ஒருநாள் கேட்டைத் தாண்டிச் சாலைக்கு ஓடிவிட்டது. ஒரு சாவு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மேளத்துக்கு முன்னால் குடித்துவிட்டு ஆடிய கூட்டத்தில் யாரோ அதன் முன்னங்காலை மிதித்துவிட்டான். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணலாக. அன்றிலிருந்து அதற்குத் தப்புச் சத்தம் ஆகாது.

தப்பு என்றால் மரவளையத்தில் தோல் இழுத்துக் கட்டிய வட்ட மேளம். பறை என்றும் சொல்வார்கள், எங்கள் பக்கத்தில் தப்பு. குற்றத்துக்கும் அதே வார்த்தைதான். இரண்டுக்கும் ஒரே பேரை யார் வைத்தார்களோ, அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

நம் காதில் விழுவதற்கு வெகுநேரம் முன்பே நாய்க்குக் கேட்டுவிடும். தின்றுகொண்டிருந்தால் நிறுத்திவிடும். வாயிலிருந்து எச்சில் வழியும், உடம்பு முழுக்க நடுங்கும், கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டி அங்கேயே மூத்திரம் போய்விடும். மேளம் சுவர் மூலைக்கு வந்ததும் தலையைத் தூக்கி ஊளை. ஒருநாள் கம்பிவலைக் கதவைக் கிழித்துக்கொண்டு ரயில் தண்டவாளம் வரைக்கும் ஓடிவிட்டது. மூக்கெல்லாம் ரத்தத்தோடு நான் தூக்கிக்கொண்டு வந்தேன். இதைப் பார்த்துவிட்டும் கையெழுத்துப் போட்டார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் இல்லை, கம்பவுண்டர் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"மாத்திர குட்த்தா தூங்கும், பயம் பூடாது. எத்தப் பாத்து பயப்படுதோ அத்தயே கொஞ்சம் கொஞ்சமா காட்டு. தூரத்துலேர்ந்து ஆரம்பி. சத்தம் கேக்க சொல்லோ துன்றதுக்கு எத்தனா போட்டுகினே இரு. மோளம் வந்தா சோறு வரும்னு அதுக்குப் புரிஞ்சிட்டா அப்பால பயம் இன்னாத்துக்கு?"

எனக்கு இது சரியாகப் பட்டது. கூட வேலை பார்த்தவளிடம் டேப் ரெக்கார்டரைக் கடன் வாங்கிக்கொண்டு, மேனாம்பேட்டில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்ப் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றேன். ரேடியோவிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துச் செத்தவரின் மகன் உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த சத்தத்தை வீட்டில் போட்டால், நாய் டேப் ரெக்கார்டரை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து வருகிற சத்தத்துக்குத் தரை அதிராது. அதற்கு வேண்டியது தோல், குச்சி, அடிக்க ஒரு ஆள்.

அடிக்கிற ஆளுக்கு எங்கள் வீட்டில் பஞ்சம் இல்லை. அம்மாவின் தம்பி தப்பு அடிப்பவர். அப்பாவின் அப்பாவும் அதுதான். இதை அப்பா குவார்ட்டர்ஸில் யாரிடமும் சொன்னதில்லை. சாதியைத்தான் சொல்கிறேன், சுற்றி வளைப்பானேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் "தஞ்சாவூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம்" என்பார். விவசாயம் பார்த்தது உண்மை, அடுத்தவன் வயலில்.

மாமா எங்களுக்குப் பின்னால் சென்னைக்கு வந்தவர். வேலப்பன்சாவடியில் குடிசை போட்டுக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்குச் சுமை ஏற்றுவார். கூப்பிட்டால் மேளத்துக்குப் போவார். வந்த பத்து வருஷத்தில் பேச்சு முழுக்க மெட்ராஸாக ஆகிவிட்டது. பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுவருவார். மாடிப்படியில் யாராவது பார்த்துக் கேட்டால் அப்பா "நம்ம ஊர்க்காரர்" என்பார். மாமாவும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். சில ஊர்வலங்களில் அடித்துக்கொண்டு போகிறவர்களில் மாமாவும் இருப்பார். எங்கள் பிளாக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் அடி எதுவென்று அம்மாவுக்குக் காதிலேயே தெரியும். மற்ற வீட்டு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும், அம்மா மட்டும் சாத்த மாட்டாள். உள்ளே நாய் நடுங்கிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டுக்குள் இப்படி ஒரு கூத்து.

"மாமாவைக் கூப்பிடப் போறேன்" என்று நான் சொன்னதும் அப்பாவின் முகம் செத்துவிட்டது.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இருபது வருஷமா காப்பாத்திக்கிட்டு வர்றேன். தெரிஞ்சா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுக்கிற விதம் மாறும். அவ்வளவுதான். அதை நீ பார்த்ததில்ல, நான் பார்த்திருக்கேன்."

இன்றைக்கு அதன் பாரம் எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. "நாய்க்காவது கால் ஒடஞ்சது. உங்களுக்கு என்ன ஒடஞ்சது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது ஒரு நிபந்தனையோடு வந்தார். காம்பவுண்டுக்குள் அந்தச் சத்தம் வரக் கூடாது. வெளியே எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும், தப்பு சாக்குக்குள்தான் வர வேண்டும்.

மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னா கண்ணு, நாய்க்கா அடிக்கணும்? இத்தினி நாளு செத்த மன்சனுக்குத்தான் அட்சிகினு கீறேன். உசுரோட கீற நாய்க்கு அட்ச்சா இன்னா கொறஞ்சிடப் போவுது."

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த ஏரி எங்கள் பள்ளிக்கூடமானது. வாரத்தில் மூன்று சாயங்காலம். நான் ஷிப்டு முடிந்து ஓடிவருவேன், மாமா கோதுமைச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடுவார், அம்மா நாயைக் கூட்டிக்கொண்டு வருவாள். டீக்கடையில் நாய்க்கென்றே விற்பதுபோல் ஒரு பொறை இருக்குமே, காய்ந்த பன் மாதிரி, அது ஒரு பை நிறைய என் கையில்.

முதல் நாள் மாமா அடிக்கவே இல்லை. தப்பைத் தரையில் மல்லாத்தி வைத்துவிட்டு எட்டிப் போய்க் குந்திக்கொண்டார். நாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது, கிட்டே போகவில்லை. இரண்டாம் நாள் தோலின் மேலேயே ஒரு பொறைத் துண்டைப் போட்டார். 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். நாய் நாலடி பின்னால் குதித்தது. பிறகு பொறையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டு ஓடியது. மாமா இன்னொரு துண்டைப் போட்டார். வாரக் கடைசியில் அது தப்பையே தட்டு மாதிரி நினைத்து நக்க ஆரம்பித்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய தோல் என்று மாமா பொய்யாகக் கோபித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் விரலால் தட்டினார். பிறகு நூறடி தள்ளி நின்று மெல்லிய குச்சியால் மட்டும். பிறகு எண்பதடி. குச்சி விழும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு பொறை. நடுவில் ஒரு சறுக்கல். தோல் தொய்ந்துவிட்டது என்று மாமா காகிதத்தைக் கொளுத்திச் சூடு காட்டி அடித்தார், சத்தம் திடீரென்று சுள்ளென்று ஏறிவிட்டது. நாய் தெறித்து ஓடி ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் புகுந்துகொண்டது. மாமா குழாய்க்குள் தலையை விட்டு, "நைனா, தப்பு என் மேலதான், வா நைனா" என்று கெஞ்சினார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். தன் தம்பியோடு வெட்டவெளியில் நின்று அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம் முடிவதற்குள் மாமா பக்கத்தில் உட்கார்ந்து முழுசாக அடித்தாலும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு பொறைக்காகக் காத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போகலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, போகவில்லை.

மறுநாளே சாலையில் ஒரு ஊர்வலம் வந்தது. நாய் எச்சில் வழியவிட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. மேளம் மூலைக்கு வந்தது, ஊளையிட்டது. மாடியில் ஜன்னலைப் பட்டென்று சாத்துகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு அழுதேன். மாமாதான் கண்டுபிடித்தார். "ஏரில கண்ணால பாக்குது. இன்னார் அடிக்கிறாரு, இதான் மோளம்னு தெரியுது. ஊட்டாண்ட இருக்க சொல்லோ செவுத்துக்கு அப்பாலேர்ந்து சத்தம் மட்டும் வருது. யாருன்னு தெரியாத சத்தத்துக்குத்தான் பயப்படுது கண்ணு. உங்க ஊட்டு வாசல்ல வச்சு அடிக்கணும். வேற வழி இல்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அது நடக்காது என்று அவருக்கே தெரியும். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

நான் அப்பாவிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மாமா வர்றார். சாக்கு இல்லாம வர்றார்." அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். அம்மா அடுப்படியிலிருந்து, "எத்தனை பேருக்குச் சோறு வைக்கணும்னு சொல்லிடுங்க, எந்தம்பி சாப்பிட்டுட்டுத்தான் போவான்" என்றாள். அவளுடைய போர்ப் பிரகடனம் அவ்வளவுதான்.

ஞாயிறு காலை குவார்ட்டர்ஸ் முழுக்க வீட்டில் இருக்கும். மாமா தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட் வழியாக நடந்து வந்தார். நான் கூடவே நடந்தேன். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் மட்டையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மெதுவாகவே நடந்தேன், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

அப்பா உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாய் வாசலில் மாமாவைப் பார்த்து வாலை ஆட்டியது. "அடிங்க மாமா" என்றேன்.

முதல் அடி கட்டடச் சுவர்களில் மோதித் திரும்பியது. ஏரியில் அப்படி எதிரொலித்ததில்லை. நாய் உள்ளே பாய்ந்தது. எப்போதும் போல அதே கட்டிலுக்கு அடியில், அப்பாவின் கால்களுக்குப் பின்னால். வாசலிலிருந்து எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் அவருடைய கணுக்காலோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அந்த நடுக்கம் அவர் காலில் ஏறியிருக்கும்.

மாமா நிறுத்தவில்லை. மெதுவாக, ஒரே சீராக அடித்தார். பால்கனிகள் நிறைந்துவிட்டன. மாடி வீட்டுக்காரர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு படியில் இறங்கி வந்தார்.

"என்னம்மா இது, குவார்ட்டர்ஸுக்குள்ள சாவு மேளம்? யார் இந்த ஆளு? யார் உள்ள விட்டது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"என் மச்சான் சார்."

நாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவர் அதைத் தூக்கியதே அன்றைக்குத்தான்.

மாடி வீட்டுக்காரருக்கு முகம் தெளிந்துவிட்டது. சிரிக்கவே சிரித்தார். "சரியாப் போச்சு. மெட்ராஸ் தண்ணி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா சார்? இங்கதான் ரிக்‌ஷாக்காரன்கூட நம்மள மச்சான்னு கூப்பிடுவான்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு கதவைத் திறந்து வைத்தார். அப்பாவும் கூடச் சிரித்துவிட்டு அதன் வழியாக வெளியே வந்திருக்கலாம். பத்து வருஷமாகச் சொன்ன 'ஊர்க்காரர்' மாதிரி இதுவும் ஒரு பேச்சாகப் போயிருக்கும்.

"பேச்சுக்குச் சொல்லல சார்" என்றார் அப்பா. "என் சம்சாரத்தோட கூடப் பொறந்த தம்பி. எங்கப்பாவும் இதுதான் அடிச்சார். நானும் சின்ன வயசுல அடிச்சிருக்கேன்."

மாமா குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, நாயை மடியில் இருத்திக்கொண்டு, என் பக்கம் கையை நீட்டினார். பொறையை வைத்தேன்.

"ஏன் நிறுத்திட்ட மச்சான்? அடி" என்றார்.

மாமா அடித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள இரண்டு கையிலும் குச்சி இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். ஏழெட்டு அடிக்குப் பிறகு நாய் அப்பாவின் கையிலிருந்து ஒரு துண்டைக் கவ்வியது. பிறகு மடியிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டே மாமாவிடம் போய் நின்றது. அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள்.

மாடி வீட்டிலிருந்து அவ்வப்போது வருகிற குழம்புக் கிண்ணம் அதோடு நின்றுபோனது. அப்பா சொன்னது சரிதான், யாரும் சண்டைக்கு வரவில்லை. சில வீடுகளில் தண்ணீர் கொடுக்கிற விதம் மாறியது. அப்பா அந்த வீடுகளில் தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டார். செத்துப்போய்விடவில்லை.

மாதம் முடிந்து நாலாவது நாள் சாலையில் மேளம் கேட்டது. குவார்ட்டர்ஸே எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாய் தின்றுகொண்டிருந்த சோற்றை விட்டுவிட்டு எழுந்தது. எச்சில் இல்லை, நடுக்கம் இல்லை. கதவண்டை ஓடிப்போய், அந்த ஒரு காதை நிமிர்த்திக்கொண்டு வாலால் கதவைத் தட்டியது. மாடி வீட்டுக்காரர் படியில் நின்று, "என்ன சார், ஊளையிடல?" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்டார்.

"மச்சான் வந்துட்டார்னு நெனைக்குது சார்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அது பத்து வருஷம் இருந்தது. அந்தச் சாலையில் யார் செத்தாலும் எங்கள் நாய்க்கு வீட்டுக்கு ஆள் வருகிற சந்தோஷம்தான். மேளம் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடும். அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுவார்.